மூன்று குதிரை முடி

நாற்பது வயதான என் மகளுக்குக் கீழுதட்டின் உட்புறம் ஊதா நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. சென்ற மாதம் மதுரையில் ஒரு பல் மருத்துவர் அதை லேசர் ஒளியால் வற்றவைத்துவிட்டார். வெட்டவில்லை, தைக்கவில்லை. உதடு மரத்துப்போக ஒரு ஊசி, அறையில் இருந்தவர்கள் கண்ணுக்கெல்லாம் நிறக் கண்ணாடி, அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவி, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் கட்டி வெளுத்துச் சுருங்கிவிட்டது. போகிற வழியில் ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள் என்று வேறு சொல்லி அனுப்பினார்.

அதற்கு முன்னால் நான் அந்த மனிதரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ரத்தம் வருமே டாக்டர், நிற்காதே டாக்டர் என்று நாலு தடவை கேட்டேன். அவர் பொறுமையாக ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் கட்டியின் மேல் வைத்து அமுக்கிக் காட்டினார். ஊதா நிறம் போய் வெளுத்தது. கண்ணாடியை எடுத்ததும் மறுபடி நிறைந்தது. இது ரத்தக் குழாய்கள் சேர்ந்த கட்டி, அமுக்கினால் வெளுக்கும், மருவு என்றால் வெளுக்காது என்று விளக்கினார். பரம்பரையாக வருமா என்றேன். இல்லை என்றார். ஐந்தாம் தடவை ரத்தத்தைப் பற்றி வாயெடுத்தபோது, "நீங்க செத்த வெளியில உக்காருங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். அமுக்கினால் வெளுக்கும் என்பதை எனக்கு ஒரு டாக்டர் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு வயதில் அதே பரிசோதனையை வெறும் விரலால் நாளைக்குப் பத்துத் தடவை செய்தவள் நான். அது என் அத்தையின் உதடு.

எங்கள் வீடு திண்டுக்கல்லில் பூ மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்பா பூக்கடை வைத்திருந்தார். காலையில் கிராமங்களிலிருந்து வந்து இறங்குகிற மல்லிகையில், உதிரியாக விற்றது போக மிச்சம் கூடையோடு வீட்டுக்கு வரும். அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் கட்ட உட்காருவோம். அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். அப்போது அவளுக்கு இருபத்து மூன்றோ நான்கோ இருக்கும். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் மருமகள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வந்துட்டாகய்யா எங்க மருமக என்று எழுந்து நின்று வரவேற்பாள். எனக்குத் தலை பின்னிவிடுவது அவள், நான் கட்டிய பூவுக்குப் பொய்க் கணக்குச் சொல்லி என்னை அம்மாவிடம் அடி வாங்காமல் காப்பாற்றுவது அவள். வீட்டில் அவள் எனக்கே எனக்கென்று இருப்பதாக நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்தக் கட்டி அவளுக்குப் பிறந்ததிலிருந்தே மிளகளவில் இருந்ததாம். வயதுக்கு வந்த பிறகு வளர்ந்து, எனக்கு விவரம் தெரிந்த நாளில் ஒரு சின்ன நாவல்பழம் போல உதட்டின் உள்ளே தொங்கியது. நிறமும் அதே நிறம். வாயை மூடியிருந்தால் இடது பக்கம் லேசாக மேடு தட்டும், அவ்வளவுதான். பேசினால் தெரியும், சிரித்தால் நன்றாகவே தெரியும். அதனால் முந்தானை எப்போதும் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். குனிந்து வேலை செய்தால் கட்டி உப்பும். அழுதால் இன்னும் உப்பும். அத்தை அழுதிருக்கிறாளா என்று பார்க்க நான் கண்ணைப் பார்ப்பதில்லை, உதட்டைத்தான் பார்ப்பேன். அதை அமுக்கி வெளுக்க வைக்கும் உரிமை உலகத்திலேயே எனக்கு மட்டும் இருந்தது. போதும்டி, அது என்ன ரப்பர் பந்தா என்பாள், ஆனால் உதட்டை விரித்துத்தான் காட்டுவாள்.

பெண் பார்க்க அதுவரை மூன்று இடத்திலிருந்து வந்திருந்தார்கள். அத்தை தலையைக் குனிந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வருகிற கூட்டத்தில் ஒரு கெட்டிக்காரப் பெரியம்மாளாவது இருப்பாள். பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பாள். ஒரு தடவை அப்படி ஒருத்தி கேட்ட கேள்விக்கு அத்தை வாயைத் திறந்து பதில் சொல்ல, மறுநாள் தரகரிடமிருந்து செய்தி வந்தது: பெண் நல்ல லட்சணம்தான், ஆனால் பெரியவர்கள் முன்னால் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து நிற்கிற பெண் எங்களுக்கு ஒத்துவராது. அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தை சிரித்தாள். அன்று சாயங்காலம் உதடு உப்பியிருந்தது.

நாலாவதாக வத்தலக்குண்டு இடம் வந்தது. மாப்பிள்ளை பாத்திரக்கடை வைத்திருந்தார். வயது நாற்பதுக்கு மேல். முதல் மனைவி தவறிப்போய் இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தார். இந்த வாயை வைத்துக்கொண்டு வேறு எந்த ராஜகுமாரனை எதிர்பார்ப்பது என்று அப்பா சொன்னார். அவர் கெட்டவரில்லை, தங்கை மேல் உயிர்தான், ஆனால் களைத்துப்போயிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. தரகர் அவர்களிடம் கட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. இதுவும் தட்டிப்போனால் அப்புறம் ஒருவரும் வாசல் ஏற மாட்டார்கள் என்பதை மட்டும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு குழந்தைகள் தயாராக இருக்கிறார்கள் என்று கேட்டபோது, அத்தைக்கு அதிர்ஷ்டம்தான், போனவுடனே விளையாட ஆள் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த இரண்டு பேருக்கும் தலை பின்னிவிடப் போவது யார்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சீக்குக் கோழி மாதிரி ஒடுங்கிப்போனேன்.

இந்த நேரத்தில் அகரத்திலிருந்து பெரிய அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், அகரத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. தங்கையின் உதட்டை விரித்துப் பார்த்துவிட்டு, இது பாலுண்ணி, இதற்கா இத்தனை வருஷம் பயந்தீர்கள் என்றாள். அவள் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கொத்தவரங்காய் மாதிரி தொங்கிய மருவைக் குதிரை வால்முடியால் கட்டி, நாளுக்கு ஒரு சுற்று இறுக்கி, எட்டாம் நாள் காய்ந்து விழவைத்த கதையைச் சொன்னாள். எங்கள் பக்கம் அது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான், பாதிக் கழுத்துகளில் அதற்குச் சாட்சி உண்டு. கட்டி அடியில் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. வினை அங்கேதான் இருந்தது, கட்டுவதற்கு வசதியாகப் போய்விட்டது. உதட்டுத் தோல் மெல்லிசு, எட்டு நாள் ஆகாது, திங்கட்கிழமை கட்டினால் வெள்ளிக்கிழமைக்குள் விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை.

முடிக்கு அலைய வேண்டியதில்லை. அப்பாவின் பூக்கூடைகளை ஏற்றிவரும் ஜட்கா தினமும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். உதிர்ந்த முடி ஆகாது, உயிரோடு பிடுங்கியதுதான் வேலை செய்யும் என்று பெரிய அத்தை நிபந்தனை போட்டாள். வண்டிக்காரர் குதிரையின் முகத்தைத் தடவி ஏதோ சமாதானம் சொன்னபடி, நாலைந்து முடியைப் பிடுங்கிக் கொடுத்தார். அது காலைத் தூக்கிய வேகத்தில் பெரிய அத்தை வாசற்படி தாண்டி உள்ளே போய் நின்றாள்.

யார் கட்டுவது என்ற கேள்வி வந்தது. உதட்டுக்குள் பெரியவர்கள் விரல் நுழைந்தால் விரலே கட்டியை மறைத்தது. பெரிய அத்தைக்குப் பார்வையும் கொஞ்சம் மட்டு. அத்தைதான் சொன்னாள்: "மருமக கட்டட்டும். அவ கை சின்னக் கை." அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எட்டு வயதில் எங்கள் தெருவில் என்னளவுக்கு நெருக்கமாகப் பூக்கட்டும் பிள்ளை வேறு கிடையாது.

பூக்கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நாரை மெல்லிசாகக் கிழித்து இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். பட்டையாகக் கிழித்து, பூ நிற்கிற அளவுக்கு மட்டும் இழுத்தால் ஒன்றும் ஆகாது. பெரிய அத்தை ஒரே ஒரு முடியால் கட்டச் சொன்னாள். நான் வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி அத்தையைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், மூன்று முடியைத் திரித்துப் பட்டையாக்கி, கீழே விழாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் ஒரு முடிச்சுப் போட்டேன். கட்டி விழக் கூடாது. விழாவிட்டால் வத்தலக்குண்டுக்காரர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் போய்விடுவார்கள், அத்தை இருப்பாள். திட்டம் அவ்வளவுதான். பாவம் புண்ணியம் எல்லாம் அப்போது என் பக்கத்தில்கூட வரவில்லை.

"நல்லா இறுக்கிட்டியா மருமவளே?" என்றாள் அத்தை.

இறுக்கிவிட்டேன் என்றேன். அவள் நாக்கால் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், எப்படி இருக்கிறது என்று கேட்ட அக்காவிடம், "வலிக்குதுக்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தளர்வாகத்தானே கட்டினேன், எப்படி வலிக்கிறது? என் கை என்னை அறியாமல் இறுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, மறுநாள் சாயங்காலம் ஒரு சுற்று இறுக்க வேண்டிய நேரத்தில் இன்னும் கொஞ்சம் நெகிழ்த்தினேன். அன்றைக்கும் போய், வலி உயிர் போகிறது என்று சொன்னாள். பெரிய அத்தைக்குப் பரம திருப்தி. வலித்தால் வைத்தியம் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். புதன்கிழமையும் அப்படியே. அந்த மூன்று நாளும் கட்டி வழக்கத்தைவிட அதிகமாக உப்பியிருந்தது. முடி கட்டியதால்தான் என்று நினைத்து எனக்கு ரொம்பவும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவிழ்த்துவிட மனம் வரவில்லை, அவிழ்த்தால் பெரிய அத்தையே இறுக்கிக் கட்டிவிடுவாள். அத்தை கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு பூக்கட்டினாள். என்னை ஒரு தடவைகூட ஏசவில்லை.

வியாழக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, பெரிய அத்தை தங்கையை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி உதட்டை விரித்தாள். நாளைக்கு வருகிறார்கள், இன்னேரம் கறுத்துக் காய்ந்திருக்க வேண்டும். அது பறித்துப்போட்ட நாவல்பழம் மாதிரி பளபளவென்று இருந்தது. விரலை வைத்ததும் முடிச்சு இப்படியும் அப்படியும் நகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பூவா கட்டி வச்சிருக்க, பூவு?" என்றாள். பிறகு தொங்கிக்கொண்டிருந்த இரண்டு நுனியையும் இரண்டு கையிலும் பிடித்து, நெல் மூட்டை கட்டுகிறவளைப் போல ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அத்தை கத்தவில்லை. கத்த முடியவில்லை, வாய் நிறைந்துவிட்டது. அவள் குனிந்ததும் ரத்தம் தாரையாக வாசலில் போட்டிருந்த கோலத்தின் மேல் விழுந்தது. பெரிய அத்தை மஞ்சள்தூளைக் கொண்டுவந்து அப்பினாள், அம்மா காபிப்பொடியை அப்பினாள், இரண்டையும் ரத்தம் அடித்துக்கொண்டு போனது. ஒரு சொம்பு நிறைந்தது. அத்தையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்பா மார்க்கெட்டில் இருந்தார். பூக்கூடை இறக்க வந்த ஜட்காக்காரர்தான் கூடைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, ஏறுங்க தாயி என்றார். அம்மா அத்தையின் வாயில் துணியைத் திணித்துப் பிடித்துக்கொண்டாள். பெரிய அத்தையும் ஏறினாள். நான் பைக்கட்டோடு ஏறிக்கொண்டேன். என்னை இறக்கிவிட ஒருவருக்கும் நேரமில்லை. அந்தக் குதிரை அன்று ஓடியதைப் போல் ஓடி நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் அதன் வாலையே பார்த்துக்கொண்டு போனேன். அத்தை செத்துப்போவாள், கொன்றது நான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா குள்ளமாக, கனமாக இருப்பார். ஒரு கேள்வியும் கேட்காமல் துணியை எடுத்தார், பஞ்சை வைத்து இரண்டு விரலால் உதட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை அரை மணி நேரம் விடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் விசாரித்தார். பெரிய அத்தை குதிரை முடி என்று ஆரம்பித்ததும் கண்ணை மூடித் திறந்தார். "இது மருவு இல்லம்மா. ரத்தக் குழாய் பூராம் சிக்கலாகி நிக்கிற கட்டி. இத அறுத்தா கம்மா மடையத் தொறந்த மாதிரிதான்" என்றார். பிறகு மெதுவாக விரலை எடுத்துத் தைக்கப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மட்டும் ரத்தம் மறுபடி மறுபடி கசிந்தது. முடி முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்று கேட்டார். பெரிய அத்தை, வந்துவிட்டது, ஒரே முடிதான் என்றாள். உதட்டிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டிருந்ததைக் காட்டி, இங்கே இரண்டு இருக்கிறதே, மொத்தம் எத்தனை என்றார் டாக்டரம்மா.

பெரிய அத்தை முழித்தாள். படுத்திருந்த அத்தை கையைத் தூக்கி விரல்களை விரித்தாள். வலியில் துடிக்கிறாள் என்று பெரிய அத்தை அந்தக் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் இருந்தேன். சொன்னால் ஏன் மூன்று என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் ரத்தம் நிற்காது.

"மூணு முடி" என்றேன். "நான்தான் திரிச்சுக் கட்டுனேன். லேசாத்தான் கட்டுனேன்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து, சின்னக் குறடு போன்ற ஒன்றால் காயத்துக்குள் துழாவி மூன்றாவது முடியை எடுத்தார். அரை விரல் நீளம் இருந்தது. அதற்குப் பிறகுதான் தையல் பிடித்தது, ரத்தம் நின்றது. கையைக் கழுவிக்கொண்டு என் கன்னத்தை ஈர விரலால் தட்டினார். "ஒத்த முடியில இறுக்கிக் கட்டியிருந்தா மொத நாளே அறுத்திருக்கும். தூக்கத்துலயே ரத்தத்த முழுங்கிப் போய்ச் சேந்திருப்பா. இந்தப் புள்ள கைதான் அவளக் காப்பாத்துச்சு" என்றார்.

அடி விழும் என்று முதுகை வளைத்து நின்றவளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது. அப்பா ஓடிவந்து விஷயத்தைக் கேட்டு என்னைத் தூக்கிவைத்துக்கொண்டார். எட்டு வயதில் என்னைத் தூக்கியது அன்றுதான். பிஞ்சு மனசு, அத்தைக்கு வலிக்கக் கூடாது என்று லேசாகக் கட்டியிருக்கிறது என்று பெரிய அத்தையே ஊரெல்லாம் சொல்லி அழுதாள். நான் மிட்டாயைத் தின்றேன்.

வத்தலக்குண்டு ஆட்கள் வரவில்லை. சேதி அவர்களுக்கு முன்பே போய்விட்டது. தையல் ஆறிய பிறகு டாக்டரம்மா கட்டியைச் சுருங்கவைக்க அதற்குள்ளேயே ஒரு ஊசி மருந்து போட்டார். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. போட்ட அன்று உதடு பணியாரமாக வீங்கும், நாலு நாள் அத்தையால் பேச முடியாது, பிறகு கட்டி ஒரு சுற்று சிறுத்திருக்கும். எட்டோ ஒன்பதோ ஊசிக்குப் பிறகு மிளகளவுக்கு வந்துவிட்டது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் கழித்து நெய்க்காரப்பட்டியில் ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை தென்னந்தோப்பு வைத்திருந்தார், அவரும் அதிகம் பேசாதவர். அந்தத் தடவை அப்பா அவளைக் கேட்டார். சரி என்று அவளே சொன்னாள். நான் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ஊருக்குப் போகும்போது என் பத்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வண்டி ஏறினாள். அடுத்த முறை வந்தபோது வாங்க, போங்க என்று கொங்குப் பேச்சோடு வந்து எங்களைச் சிரிக்கவைத்தாள். மூன்று பிள்ளைகள் பெற்று, நன்றாகத்தான் இருந்தாள். சில வருஷங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். உனக்கு வலிக்கக் கூடாதென்று தளர்வாகக் கட்டவில்லை அத்தே, நீ போய்விடக் கூடாதென்று கட்டினேன், உன் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன் என்று. வாய் வரவில்லை. அவளை ஏமாற்றியவள் நான் என்ற எண்ணம் எனக்குப் பேரன்பேத்தி எடுக்கிற வயது வரைக்கும் இருந்தது.

மதுரையில் அந்த டாக்டர் என்னை வெளியே அனுப்பிய பத்து நிமிஷத்தில்தான், கதவுக்கு உள்ளே ஒருத்தி உதடு, வெளியே என் கை சும்மா என்று உட்கார்ந்திருந்தபோது, அது புத்தியில் ஏறியது. அழுதால் உப்புகிற கட்டி அந்த மூன்று நாளும் ஏன் அப்படி உப்பியிருந்தது? நான் கட்டியதாலா, அந்த இடம் பிடிக்காமல் அவள் அழுததாலா? அத்தை என்னைவிட நூறு மடங்கு பூக்கட்டினவள். முடிச்சு இருந்தது அவளுடைய உதட்டில், அதை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் வலிக்கிறது என்று சொன்னாள். மூன்று முடி என்று அவள்தான் முதலில் விரலைக் காட்டினாள்.

தளர்ந்த முடிச்சு வலிக்காது. அது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதுதான் தெரியவில்லை.